மிச்சமிருக்கும் தசைக்குப் புது வேலை

கஷ்டத்தில் இருப்பவருக்கு நம் ஊரில் இரண்டு விதமாக ஆறுதல் சொல்வார்கள். ஒருவர் வந்து, "எல்லாத்தையும் கடவுள் பாத்துப்பார், கவலைப்படாதீங்க" என்பார். அவர் படியிறங்கியதும் இன்னொருவர் வந்து, "சாமி வந்து சோறு ஊட்டாதுங்க, நாமதான் எழுந்து நிக்கணும்" என்பார். இருவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கும், கடனில் கழுத்து நெரிபடுபவருக்கும், துணையை இழந்து நிற்பவருக்கும் இரண்டையும் கேட்டபின் குழப்பம்தான் மிஞ்சுகிறது. முதலாமவர் பேச்சைக் கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் போல் தோன்றும். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால், யாருமில்லாத இடத்தில் தன்னை இறக்கிவிட்டுப் போனது போல் தோன்றும்.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. நம்பிக்கையும் முயற்சியும் எங்கே சேர்கின்றன, எது எந்த வேலையைச் செய்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம். இதை விளக்க எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் வேலூரில் நடந்தது. டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கை அது.

மேரி 1925-ல் கொச்சியில் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) மருத்துவம் படித்தார். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்த்த இடம் அது. படித்து முடித்து அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்த மேரி, 1954-ல் சக மருத்துவர்களோடு உல்லாசப் பயணம் போனார். வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். தண்டுவடமும் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

தண்டுவடம் அடிபட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மூளையிலிருந்து காலுக்குப் போகும் கட்டளையும், காலிலிருந்து மூளைக்கு வரும் செய்தியும் அந்த ஒரே பாதையில்தான் போய் வருகின்றன. பாதை அறுந்தால் கால் நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். வலி தெரியாமல் போவதால் வரும் ஆபத்துதான் பலருக்குத் தெரியாது. நீங்களும் நானும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலே அடிக்கடி அசைந்து கொடுக்கிறோம். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் தோலுக்கு ரத்தம் போகாது. உடனே லேசாக வலிக்கும், நாம் நகர்ந்துவிடுவோம். அந்த வலி தெரியாதவர் நகரமாட்டார். தோல் செத்து, புண்ணாகி, எலும்புவரை போகும். இதுதான் படுக்கைப்புண். இதோடு சிறுநீர்ப்பையும் தானாக இயங்காமல் போவதால் தொற்று வரும், அது சிறுநீரகத்தைப் பிடிக்கும். இந்த இரண்டாலும்தான் ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் நீண்ட நாள் பிழைக்கவில்லை. 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரவும் பகலும் திருப்பிப் படுக்க வைப்பதையும், உடற்பயிற்சி கொடுத்து உட்கார வைப்பதையும் கண்டிப்பான ஒழுங்காக்கினார். அதன் பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

மேரி அடிபட்ட காலத்தில் நம் நாட்டில் இப்படிப்பட்டவர்களுக்கென்று முறையான மறுவாழ்வு மையம் கிடையாது. இனி நடக்கவே முடியாது என்று தெரிந்துகொண்ட ஒரு இளம் டாக்டருக்கு அதற்கப்புறம் போக வழியே இல்லை என்பதுதான் அன்றைய நிலவரம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடவுள் நம்பிக்கை உள்ள வீடுகளில் இப்படி ஒரு நிலை வந்தால், ஒரு கொடிய பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. "உன் விசுவாசம் போதலை, அதான் சுகம் கிடைக்கலை" என்பார்கள். "போன ஜென்ம பாவம்" என்பார்கள். மதம் எதுவானாலும் இந்தப் பேச்சு மாறுவதில்லை. அடிபட்டவர் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றி வைப்பதற்குப் பக்தி என்று பெயர் சூட்டக்கூடாது. மேரி பக்தி உள்ளவர். அவர் கால்கள் கடைசிவரை நடக்கவில்லை. ஆகவே அவர் நம்பிக்கை தோற்றுவிட்டது என்று எவராவது சொன்னால், அதற்கப்புறம் அவர் வாழ்ந்த முப்பது வருடத்துக்கும் மேற்பட்ட வாழ்க்கையைத்தான் பதிலாகக் காட்ட வேண்டும்.

அந்த வாழ்க்கைக்கு வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். அவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயப் பாதிரியார் குடும்பத்தில் 1914-ல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர் அவர். அப்பா ஜெஸ்ஸி 1929-ல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் அந்த மலையிலேயே இறந்துபோனார். அம்மா ஈவ்லின் மலைமக்களோடு வேலை செய்வதைக் கைவிடவில்லை. மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் தானாகவே மறுபடி மலையேறினார். 1974-ல், 95-வது வயதில்தான் அவர் வேலை நின்றது. இழப்பு வந்த இடத்தை விட்டு ஓடாமல் அங்கேயே வேலையைத் தொடர்வது எப்படி என்பதைப் பிராண்ட் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார். நம்பிக்கை பெரும்பாலும் இப்படித்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வருகிறது.

பிராண்ட் அறுவை சிகிச்சை நிபுணராக 1946-ல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது மடங்கிப்போன விரல்களைக் கண்டார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது பலரும் நினைத்திருந்தார்கள். அவர் கவனித்துப் பார்த்ததில் வேறு ஒன்று தெரிந்தது. நோய்க்கிருமி முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அருகே தோலுக்கு மிக ஒட்டி ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. அதனால் உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் செயலிழக்கின்றன, கை மரத்துப்போகிறது. மரத்த கையால் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கினாலும் தெரியாது. ராத்திரி தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது. அப்படி எலி கடித்துத்தான் சிலருக்கு விரல் போகிறது என்று கண்டுபிடித்த பிறகு, நோயாளிகளுக்கு வளர்க்கப் பூனை கொடுத்தார்கள். சதையை அழித்தது நேரடியாக நோய் அல்ல. வலி என்ற காவல் போனதுதான் காரணம்.

அவர் கண்ட இன்னொரு விஷயம்தான் நம் பேச்சுக்கு மிக முக்கியம். உள்ளங்கைத் தசைகள் செத்துப்போனாலும், முன்கையில் உள்ள பெரிய தசைகள் பல இன்னும் பலத்தோடு இருந்தன. செத்த நரம்பை உயிர்ப்பிக்க அவரால் முடியாது. ஆனால் பலமாக இருக்கும் ஒரு தசையை வேறு வேலைக்குத் திருப்பிவிட முடியும்.

அந்த அறுவை சிகிச்சையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மணிக்கட்டைப் பின்பக்கம் தூக்க நமக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்தாலும் மற்றவை சமாளித்துக்கொள்ளும். அந்த ஒரு தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிற்றை, அதன் இடத்திலிருந்து பிரிப்பார்கள். நாண் விரல்வரை எட்டாது. ஆகவே கெண்டைக்காலில் பெரிதாக வேலையில்லாமல் கிடக்கும் நூல் போன்ற நீளமான நாண் ஒன்றை எடுத்து அதோடு சேர்த்துத் தைப்பார்கள். பின் அதை நான்கு இழைகளாகப் பிரித்து, தோலுக்கடியில் சுரங்கம் போல வழி செய்து, ஒவ்வொரு இழையையும் ஒவ்வொரு விரலுக்குக் கொண்டுபோய் இணைப்பார்கள். இழுவை கூடினால் விரல் விறைக்கும், குறைந்தால் வளையாது. நான்கும் சரியான அளவில் இழுபட வேண்டும். பிறகு சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரித்த அன்று கை வேலை செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தத் தசைக்கு இத்தனை வருடம் தெரிந்த வேலை மணிக்கட்டைத் தூக்குவது மட்டும்தான். மூளையும் அப்படித்தான் பழகியிருக்கிறது. விரலை மடக்கு என்றால் செத்துப்போன தசைக்கே ஆணை போகும், ஒன்றும் நடக்காது. பிசியோதெரபி செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மணிக்கட்டைத் தூக்கறதா நினைச்சுக்கோங்க" என்பார். நோயாளி நினைப்பார். விரல் லேசாக அசையும். அதைத் தன் கண்ணாலேயே பார்ப்பார். மறுபடி, மறுபடி. நாள் போகப் போக மூளை புதுப் பாதையைக் கற்றுக்கொள்ளும். அப்புறம் ஒருநாள் மணிக்கட்டை நினைக்காமலே விரல் வளையும், தட்டில் சோற்றைப் பிசைந்து கவளம் எடுக்க முடியும். பல வருடம் மற்றவர் கையை எதிர்பார்த்திருந்த ஒருவருக்கு அந்தக் கவளம் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது மேரியிடம் திரும்பி வருவோம். கை அறுவை சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்தபடியே செய்யலாம். வயிற்றையோ மார்பையோ திறப்பது போல மேஜை மேல் குனிந்து நிற்க வேண்டியதில்லை. நோயாளியின் கை ஒரு சிறு மேஜையில் நீட்டப்பட்டிருக்கும், மருத்துவர் எதிரில் அமர்ந்திருப்பார். மேரியின் கால்கள் போயிருந்தன, கைகள் முழுதாக இருந்தன. பிராண்ட் இதைச் சொன்னார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார்.

அதுவரை அவர் மனதில் இருந்த துறை மகப்பேறும் பெண்கள் மருத்துவமும். தொழுநோயாளிகளின் கை அதில் இல்லை. நினைத்த வழி அடைபட்ட பிறகு, நினைக்காத வழி ஒன்று திறந்தது. அதை ஏற்றுக்கொள்ள ஒரு மனநிலை வேண்டும். தான் கேட்டது கிடைக்கவில்லை என்றாலும் தன் வாழ்க்கைக்கு இன்னும் ஒரு நோக்கம் இருக்கிறது என்று நம்புகிறவர்தான் அந்தக் கதவைத் தள்ளிப் பார்ப்பார். மேரிக்கு அந்த நம்பிக்கை கடவுளிடமிருந்து வந்தது. நம்பிக்கை அங்கே செய்த வேலை இதுதான்: என்ன போயிற்று என்ற கணக்கிலிருந்து என்ன இருக்கிறது என்ற கணக்குக்கு அவர் கண்ணைத் திருப்பியது.

அதற்கப்புறம் வந்ததெல்லாம் உழைப்பு. தோள், கை, மார்புத் தசைகளைப் பலப்படுத்த வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும்போது கைகளை ஊன்றி உடம்பை அடிக்கடி மேலே தூக்கி இறக்க வேண்டும், இல்லையென்றால் புண் வரும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் மாறப் பழக வேண்டும். நமக்கு இரண்டு நிமிடத்தில் முடிகிற உடை மாற்றும் வேலை, இப்படிப்பட்டவருக்கு ஆரம்பத்தில் ஒரு போராட்டம். இவை யாரும் பாராட்டாத வேலைகள். ஒருநாள் விட்டாலும் உடம்பு கணக்கு கேட்கும். எவ்வளவு ஜெபம் செய்தாலும் இந்த ஒரு வேலைகூட தானாக நடக்காது. ஆனால் நாளைக்கும் எழுந்து இதையே செய்வதற்குக் காரணம் வேண்டுமே, அதை அவருக்கு ஜெபம் தந்தது.

இங்கே ஒரு ஒற்றுமையைக் கவனியுங்கள். எதிரே கையை நீட்டிய நோயாளிக்கு விரலில் உணர்ச்சி இல்லை. கத்தியைப் பிடித்த டாக்டருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அறுவை சிகிச்சை அசைவைத் திருப்பித் தரும், உணர்ச்சியைத் தராது. ஆகவே நோயாளி தினமும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்காவது சூடு பட்டிருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர் கண்ணாடி வைத்துத் தன் தோலைச் சோதிக்க வேண்டும். இருவருக்கும் கண்தான் காவல். "தினமும் பாத்துக்கோங்க" என்று மேரி சொன்னபோது அது எட்ட நின்று சொன்ன உபதேசமாக இருந்திருக்க முடியாது. தன் கஷ்டத்தை அவர் தேடிப் போகவில்லை, விரும்பவும் இல்லை. ஆனால் வந்த கஷ்டம், வேறு எந்தப் படிப்பும் தர முடியாத ஒரு புரிதலை அவர் வேலைக்குள் கொண்டு வந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய், தன் காரியங்களைத் தானே செய்துகொள்ளும் பயிற்சி பெற்றார். அங்கிருந்து ஒரு பெரிய கேள்வியோடுதான் வந்தார் என்று சொல்ல வேண்டும்: தனக்குக் கிடைத்த இந்தப் பயிற்சி, வேலூரில் மரத்திலிருந்து விழுந்தும் கிணற்றில் விழுந்தும் இடுப்பு ஒடிந்து கிடக்கும் ஏழைகளுக்கு எப்போது கிடைக்கும்? அதற்காகவே நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடி என்று உலகம் மதித்த ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் படித்தார். திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-ல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் உருவானது. நாட்டிலேயே இத்தகைய முதல் மையம் அது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார். அந்த மையம் இன்றும் இயங்குகிறது.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். நம்பிக்கையும் முயற்சியும் ஒன்றுக்கொன்று போட்டி என்று ஏன் நினைக்கிறோம்? இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, அதனால் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எண்ணுவதால்தான். திருவள்ளுவர் அப்படி எண்ணவில்லை. ஊழுக்கு என்று 38-வது அதிகாரத்தை ஒதுக்கியவர், ஆள்வினையுடைமைக்கு என்று 62-வது அதிகாரத்தையும் வைத்தார். அதற்கு அடுத்ததே இடுக்கணழியாமை. நம் கையில் இல்லாதது ஒன்று உண்டு என்பதையும் ஒத்துக்கொண்டு, முயற்சியையும் விடாதே என்று சொல்லி, அந்த முயற்சிக்கு நடுவே வரும் துன்பத்தில் உடைந்துபோகாதே என்று அடுத்த அடியை எடுத்து வைக்கிறார். இந்த வரிசையே ஒரு பாடம்.

மேரியின் வாழ்க்கையிலிருந்து நான் புரிந்துகொண்டதை எளிதாகச் சொல்கிறேன். நம்பிக்கைக்கு மூன்று வேலைகள். போனது போனதுதான் என்று அழுது ஏற்றுக்கொள்ள ஒரு தோள் தருவது முதல் வேலை. மனிதரிடம் சொல்ல முடியாததைக் கடவுளிடம் கோபமாகக்கூடச் சொல்லலாம். மிச்சமிருப்பதற்கு மதிப்பு உண்டு என்று காட்டுவது இரண்டாவது. பலன் கண்ணுக்குத் தெரியாத நாட்களில் காத்திருக்க வைப்பது மூன்றாவது. மாவுக்கட்டுக்குள் இருக்கும் அந்த மூன்று வாரத்தில் கை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அப்போது காத்திருப்பதற்கு நம்பிக்கை என்று பெயர். முயற்சிக்கு ஒரே வேலைதான், ஆனால் அது தினமும் வரும்: உயிரோடு இருக்கும் தசையைப் புது வேலைக்குப் பழக்குவது.

வேலை போனவருக்கும் இது பொருந்தும். அந்தக் கம்பெனி திரும்ப வராது. இருபது வருடம் கணக்கு எழுதிய பழக்கம் இருக்கிறது, பேசிப் பழகிய நாலு பேர் இருக்கிறார்கள், காலையில் எழும் வழக்கம் இருக்கிறது. இவற்றில் எதைப் புது வேலைக்குத் திருப்பலாம்? கணவரை இழந்தவருக்கும் பொருந்தும். அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பத் தேவையும் இல்லை. ஆனால் இத்தனை வருடம் ஒருவரைக் கவனித்துப் பழகிய கை அவரிடம் இன்னும் இருக்கிறது. ஆரம்பத்தில் எல்லாமே கோணலாகத்தான் நடக்கும். மணிக்கட்டை நினைத்து விரலை அசைப்பது போல, ஒன்றை நினைத்து இன்னொன்றைச் செய்ய வேண்டியிருக்கும். அதைத் தோல்வி என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். கற்றுக்கொள்ளும் வழியே அதுதான்.

சொந்த முயற்சி என்று சொல்லும்போது ஒற்றை ஆளாக என்று நான் சொல்லவில்லை. மேரியைத் திருப்பிப் படுக்க வைத்த நர்ஸ்கள் இருந்தார்கள். அவர் கையில் மறுபடி கத்தியைக் கொடுக்கத் துணிந்த பிராண்ட் இருந்தார். நாற்காலியைத் தள்ளியவர்கள் இருந்தார்கள். உதவியைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வதும் ஒரு முயற்சிதான், பலருக்கு அதுதான் மிகக் கடினமான முயற்சி.

ஆகவே உங்கள் தெருவில் பக்கவாதத்தில் விழுந்தவரோ, விபத்தில் இடுப்பு ஒடிந்தவரோ இருந்தால், இந்த வாரம் ஒருநாள் போய்ப் பாருங்கள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்றோ, தைரியமாக இருங்கள் என்றோ சொல்லிவிட்டு உடனே கிளம்பாதீர்கள். பிசியோதெரபியில் என்ன பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் அதைச் செய்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிச் சொல்லுங்கள். வீட்டில் இரவும் பகலும் பார்த்துக்கொள்பவரை அந்த ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கச் சொல்லுங்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து கும்பிட்டாலும் சரி, ஜெபித்தாலும் சரி, தொழுதாலும் சரி. அந்தப் பிரார்த்தனைக்கு நீங்கள் ஏற்கெனவே கை கொடுத்திருப்பீர்கள்.